கணினிச் சுட்டியின் பழுதறிதல்

கணினிச் சுட்டியின் பழுதறிதல் என்பது, மவுஸ் என்று பரவலாக அழைக்கப்படும் கணினிச் சுட்டி இயங்காமல் போகும்போதோ பிழையாக இயங்கும்போதோ, பழுது எங்கே உள்ளது என்பதைப் படிப்படியாகக் கண்டறிந்து நீக்கும் முறை ஆகும். சுட்டி நின்றுவிட்டதாகத் தோன்றும் எல்லா நேரங்களிலும் சுட்டியே பழுதடைந்திருப்பதில்லை. சுட்டி, அதைக் கணினியுடன் சேர்க்கும் இணைப்பு, கணினியின் இணைப்புத் துளை, இயக்குதளத்தில் உள்ள இயக்கி மென்பொருள், சுட்டி வைக்கப்பட்டுள்ள பரப்பு ஆகிய ஐந்தில் எதில் குறை ஏற்பட்டாலும் திரையில் தெரியும் விளைவு ஒன்றே: அம்புக்குறி நகராது. இவ்வைந்தையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பதே பழுதறிதலின் அடிப்படை.

இதில் அவசரம் காட்டுவதால் இரண்டு இழப்புகள் நேர்கின்றன. முதலாவது, சுட்டி நின்றவுடன் மின் பொத்தானை அழுத்திக் கணினியை அணைத்துவிடுவதால் சேமிக்கப்படாத வேலை அழிந்துபோகிறது. விசைப்பலகை இயங்கிக்கொண்டிருந்தால் அவ்வேலையைக் காப்பாற்றியிருக்க முடியும். இரண்டாவது, தூசி, தளர்ந்த இணைப்பு, தீர்ந்த மின்கலம் போன்ற சிறு காரணங்களுக்காக நல்ல சுட்டிகள் குப்பைக்குப் போகின்றன.

சுட்டி இயங்கும் முறை

பழுதைப் புரிந்துகொள்ளச் சுட்டி இயங்கும் விதத்தை அறிந்திருத்தல் உதவும். சுட்டி மூன்று வேலைகளைச் செய்கிறது: நகர்வை உணர்தல், பொத்தான் அழுத்தங்களை உணர்தல், இவற்றைக் கணினிக்கு அனுப்புதல். மூன்றுக்கும் தனித்தனி உறுப்புகள் உள்ளதால் அவை தனித்தனியாகவே பழுதடைகின்றன. அம்புக்குறி நகர்ந்து பொத்தான் மட்டும் வேலை செய்யாவிட்டால் இணைப்பிலும் இயக்கி மென்பொருளிலும் குறை இருக்க வாய்ப்பு குறைவு.

நகர்வை உணர்தல்

பழைய உருளைப்பந்துச் சுட்டிகளில் இரப்பர் பூசிய கனமான பந்து ஒன்று மேசைமீது உருளும். அது ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு சிறு உருளைகளைச் சுழற்றும். மூன்றாவது உருளை ஒன்று வில்லின் விசையால் பந்தை அழுத்திப் பிடித்திருக்கும். முதல் இரண்டு உருளைகளின் முனையில் துளைகள் கொண்ட சக்கரங்கள் உள்ளன. அத்துளைகள் வழியே அகச்சிவப்புக் கதிர் விட்டுவிட்டுச் செல்வதை எண்ணி, சுட்டி எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பது கணக்கிடப்படுகிறது.

ஒளியியல் சுட்டிகளில் சுழலும் பந்து இல்லை. எல்.ஈ.டி. விளக்கு மேசைப்பரப்பைச் சாய்வாக ஒளியூட்ட, சிறிய வில்லை ஒன்றின் வழியே உணரிச் சில்லு அப்பரப்பை நொடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை படம் எடுக்கிறது. அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு, பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்கள் எத்திசையில் எவ்வளவு நகர்ந்துள்ளன என்பதைச் சில்லிலேயே அமைந்த செயலி கணிக்கிறது. சீரொளிச் சுட்டிகளும் இதே முறையில் இயங்குகின்றன. ஒளி மூலம் மட்டுமே வேறு.

பொத்தான்களும் உருள் சக்கரமும்

ஒவ்வொரு பொத்தானின் கீழும் மைக்ரோ சுவிட்ச் எனப்படும் சிறு மின்விசை உள்ளது. அதனுள் வளைந்த மெல்லிய உலோகத் தகடு ஒன்று, அழுத்தும்போது சட்டென்று மறுபக்கம் தாவி இணைப்பை ஏற்படுத்துகிறது. 'கிளிக்' என்ற ஓசை இத்தகடு தாவுவதால் எழுவதே. உருள் சக்கரத்தின் சுழற்சியைச் சில சுட்டிகள் அகச்சிவப்புக் கதிராலும், சில உலோகத் தொடுமுனைகளாலும் உணர்கின்றன.

முதலில் செய்யவேண்டியவை

கணினி உறைந்துள்ளதா என அறிதல்

அம்புக்குறி நகராதபோது முதலில் எழவேண்டிய கேள்வி, நின்றது சுட்டியா கணினியா என்பதாகும். விசைப்பலகையில் உள்ள கேப்ஸ் லாக் அல்லது நம் லாக் விசையை அழுத்தி, அதற்குரிய சிறு விளக்கு மாறுகிறதா என்று பார்க்கவேண்டும். விளக்கு மாறினால் கணினி இயங்கிக்கொண்டிருக்கிறது. பழுது சுட்டியின் பக்கம் உள்ளது. விளக்கு மாறாமல், திரையில் உள்ள கடிகாரமும் நகராவிட்டால் இயக்குதளமே உறைந்திருக்கலாம். சில நிமிடங்கள் காத்திருந்து, அதன் பின்னரே வேறு வழியின்றி மின் பொத்தானை நாடவேண்டும்.

விசைப்பலகை மூலம் வேலையைச் சேமித்தல்

கணினி இயங்கிக்கொண்டிருந்தால் பழுது பார்க்கும் முன் வேலையைச் சேமித்தல் நன்று. விண்டோஸ் இயக்குதளத்தில் பயன்படும் விசைகள் பின்வருமாறு. லினக்ஸ் மேசைச்சூழல்கள் பலவற்றிலும் முதல் நான்கும் இவ்வாறே உள்ளன.

• கண்ட்ரோல் + எஸ்: திறந்துள்ள கோப்பைச் சேமிக்கும்.
• ஆல்ட் + டேப்: திறந்துள்ள சாளரங்களுக்கிடையே மாறும்.
• டேப், ஷிப்ட் + டேப்: சாளரத்தில் உள்ள பொத்தான்களுக்கிடையே முன்னும் பின்னும் நகரும். தேர்ந்த பொத்தானை இடைவெளி விசையோ என்டர் விசையோ அழுத்தும்.
• ஷிப்ட் + எஃப்10: வலச் சொடுக்கினால் வரும் பட்டியைக் காட்டும்.
• விண்டோஸ் விசை + டி: மேசைத்தளத்தைக் காட்டும். அங்கே ஆல்ட் + எஃப்4 அழுத்தினால் கணினியை முறையாக அணைப்பதற்கோ மறுதொடக்கம் செய்வதற்கோ உரிய பெட்டி தோன்றும்.

வேலையைச் சேமித்து, கணினியை முறையாக மறுதொடக்கம் செய்தாலே கணிசமான பழுதுகள் நீங்கிவிடுகின்றன. தற்காலிகமாகக் குழம்பிய இயக்கி மென்பொருளும் இணைப்புத் துளையின் கட்டுப்படுத்தியும் அப்போது புதிதாகத் தொடங்குவதே இதற்குக் காரணம்.

பழுது உள்ள இடத்தைப் பிரித்தறிதல்

மறுதொடக்கத்தாலும் தீராத பழுதுக்கு மாற்றிப் பார்க்கும் சோதனையே மிக உறுதியானது. இதற்குக் கருவிகள் எதுவும் தேவையில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும் என்பது இதன் விதி. இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போகும்.

1. சுட்டியை அதே கணினியின் வேறொரு துளையில் செருகவேண்டும். இயங்கினால் முதல் துளையில் குறை.
2. இயங்காவிட்டால், அதே சுட்டியை வேறொரு கணினியில் செருகவேண்டும். அங்கும் இயங்காவிட்டால் சுட்டியில் குறை.
3. அங்கே இயங்கினால் சுட்டி நன்றாக உள்ளது. முதல் கணினியில் நல்ல சுட்டி ஒன்றைச் செருகிப் பார்க்கவேண்டும். அதுவும் இயங்காவிட்டால் கணினியின் இணைப்புத் துளைகளிலோ இயக்குதளத்திலோ குறை.
4. துளையா இயக்குதளமா என்று பிரிக்க, இயக்குதளம் ஏறும் முன் கணினியின் அமைவுத் திரையில் சுட்டியோ விசைப்பலகையோ அத்துளையில் இயங்குகிறதா எனப் பார்க்கலாம். நேரடியாக இயங்கும் லினக்ஸ் வட்டு அல்லது விரலி மூலம் கணினியைத் தொடங்கிப் பார்ப்பதும் ஒரு வழி. அங்கே சுட்டி இயங்கினால் வன்பொருள் நலமாக உள்ளது. கணினியில் நிறுவப்பட்ட இயக்குதளத்தில்தான் குறை.

சுட்டியின் அடியில் எரியும் விளக்கையும் கவனிக்கவேண்டும். கம்பிவடம் கொண்ட ஒளியியல் சுட்டியில் விளக்கு எரியாவிட்டால், சுட்டிக்கு மின்சாரம் வரவில்லை என்பது பெரும்பாலும் பொருள். விளக்கு எரிவதால் மட்டும் எல்லாம் சரி என்று முடிவு செய்யக்கூடாது. மின்சாரம் செல்லும் கம்பிகளும் தரவு செல்லும் கம்பிகளும் வேறு வேறு. தரவுக் கம்பி அறுந்தாலும் விளக்கு எரியக்கூடும். சீரொளிச் சுட்டிகளிலும் அகச்சிவப்பு ஒளிச் சுட்டிகளிலும் ஒளி கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே அவற்றில் இச்சோதனை பயன்படாது. சீரொளிச் சுட்டியின் அடித்துளையைக் கண்ணருகே வைத்துப் பார்ப்பதைத் தவிர்க்கவேண்டும்.

இணைப்பு வகைகளும் பழுதுகளும்

பி.எஸ்/2 இணைப்பு

1987ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட பி.எஸ்/2 கணினிகளில் அறிமுகமானதால் இவ்வட்ட வடிவச் செருகி அப்பெயர் பெற்றது. இதில் ஆறு ஊசிகள் உள்ளன. சுட்டிக்கும் விசைப்பலகைக்கும் செருகி ஒரே வடிவம் என்பதால் இடம் மாறிச் செருகுவது வழக்கமான பிழை. பிற்காலத்தில் சுட்டிக்குப் பச்சையும் விசைப்பலகைக்கு ஊதாவும் அடையாள நிறங்கள் ஆயின.

பி.எஸ்/2 துளை, கணினி இயங்கிக்கொண்டிருக்கும்போது செருகுவதற்காக வடிவமைக்கப்பட்டதன்று. அவ்வாறு செருகினால் சுட்டி பெரும்பாலும் அடுத்த தொடக்கம்வரை இயங்காது. சில பழைய தாய்ப்பலகைகளில் துளைக்குரிய உருகியோ கட்டுப்படுத்தியோ சேதமடையவும் வாய்ப்புண்டு. எனவே பி.எஸ்/2 சுட்டி நின்றால் கணினியை அணைத்து, செருகியைச் சரிபார்த்து, மீண்டும் தொடங்குவதே முறை. செருகியை அழுத்தித் திணிக்கும்போது ஊசிகள் வளைவதும் உண்டு. வளைந்த ஊசியை மெல்லிய இடுக்கியால் மெதுவாக நிமிர்த்தலாம். நடுவில் உள்ள நெகிழித் துண்டு சரியான திசையைக் காட்டும்.

யூ.எஸ்.பி. இணைப்பு

யூ.எஸ்.பி. முதல் வரையறை 1996இல் வெளியானது. சாதாரண யூ.எஸ்.பி. சுட்டியின் வடத்தில் நான்கு கம்பிகள் உள்ளன: 5 வோல்ட் மின்சாரத்துக்கு ஒன்று, தரவுக்கு இரண்டு, புவி இணைப்புக்கு ஒன்று. வரையறைப்படி இவற்றின் நிறங்கள் முறையே சிவப்பு, வெள்ளையும் பச்சையும், கறுப்பு ஆகும். எனினும் எல்லாத் தயாரிப்பாளர்களும் இந்நிறங்களைப் பின்பற்றுவதில்லை.

யூ.எஸ்.பி. சுட்டியைக் கணினி இயங்கும்போதே கழற்றிச் செருகலாம். சுட்டி நின்றால் அதைக் கழற்றி, சில நொடிகள் விட்டு மீண்டும் செருகுவது முதல் தீர்வு. கிளைப்பெட்டியான ஹப் வழியாக இணைந்திருந்தால், அதை நீக்கிக் கணினியில் நேரடியாகச் செருகவேண்டும். பல கருவிகள் ஒரே ஹப்பில் மின்சாரம் எடுக்கும்போது சுட்டிக்குப் போதிய மின்சாரம் கிட்டாமல் போகலாம். மேசைக்கணினிகளின் முன்பக்கத் துளைகள் தனி வடத்தால் தாய்ப்பலகையோடு இணைக்கப்பட்டவை. அவ்வடம் தளர்ந்தால் முன்பக்கத் துளைகள் மட்டும் இயங்கா. பின்பக்கத் துளைகள் தாய்ப்பலகையிலேயே அமைந்தவை என்பதால் சோதனைக்கு அவையே ஏற்றவை.

மின்சாரத்தை மிச்சப்படுத்த, பயன்படாத துளைகளை இயக்குதளம் உறங்கச் செய்யும் வசதியும் உள்ளது. கணினி உறக்கநிலையிலிருந்து எழும்போது மட்டும் சுட்டி இயங்காமல் இருந்தால் இதுவே காரணமாக இருக்கலாம். இயக்குதளத்தின் மின்மேலாண்மை அமைப்பில் இவ்வசதியை நிறுத்தலாம்.

கம்பியில்லாச் சுட்டி

டாங்கிள் என்று வழங்கப்படும் சிறு அலைவாங்கியைக் கொண்ட கம்பியில்லாச் சுட்டிகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. இவ்வகையில் பழுதறிதலின் வரிசை பின்வருமாறு.

• சுட்டியின் அடியில் உள்ள இயக்குவிசை நிறுத்தப்பட்ட நிலையில் உள்ளதா எனப் பார்த்தல்.
• மின்கலத்தை மாற்றிப் பார்த்தல், அதன் நேர், எதிர் முனைகள் சரியான திசையில் உள்ளனவா எனப் பார்த்தல்.
• அலைவாங்கி அச்சுட்டிக்கு உரியதுதானா எனப் பார்த்தல். அலைவாங்கியும் சுட்டியும் தொழிற்சாலையிலேயே இணைசேர்க்கப்படுகின்றன. ஒரே மாதிரியான மற்றொரு சுட்டியின் அலைவாங்கி பொதுவாக இயங்காது. கணினி ஆய்வகங்களில் அலைவாங்கிகள் இடம் மாறுவது அடிக்கடி நேரும் குழப்பம்.
• அலைவாங்கியைச் சுட்டிக்கு அருகில் உள்ள வேறொரு துளைக்கு மாற்றுதல்.

புதிய கார மின்கலம் 1.5 வோல்ட் தரும். மின்கலம் தீரும் தறுவாயில் சுட்டி உடனே நிற்பதில்லை. முதலில் அம்புக்குறி தயங்கித் தயங்கி நகரும், பிறகு சில சொடுக்குகள் தவறும். நீண்ட நாள் விடப்பட்ட கார மின்கலம் கசிந்தால் தொடுமுனைகளில் வெண்மையான படிவு உண்டாகும். வினிகர் தோய்த்த பஞ்சுக் குச்சியால் அதைத் துடைத்து, பின் சுத்தமான நீர் தோய்ந்த பஞ்சால் துடைத்து, முழுமையாக உலரவிட்டால் பல சுட்டிகள் மீண்டும் இயங்கும். கசிவு தோலை அரிக்கும் தன்மையது, வெறுங்கையால் தொடலாகாது.

அலைகளின் இடையூறும் ஒரு காரணம். யூ.எஸ்.பி. 3.0 துளைகளும் வடங்களும் இயங்கும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் வானலை இரைச்சலை வெளியிடுகின்றன என்று இன்டெல் நிறுவனம் 2012இல் வெளியிட்ட தொழில்நுட்ப அறிக்கை விளக்கியது. ஆகவே புறநிலை வன்தட்டில் கோப்புகளைப் படியெடுக்கும்போது மட்டும் கம்பியில்லாச் சுட்டி தடுமாறினால், சுட்டியைக் குறைகூறத் தேவையில்லை. சிறு நீட்டிப்பு வடம் கொண்டு அலைவாங்கியை அத்துளையிலிருந்து விலக்கி வைத்தால் போதும். யூ.எஸ்.பி. 3.0 துளைகளை அவற்றின் உள்ளே உள்ள நீலநிற நெகிழியால் பெரும்பாலும் அடையாளம் காணலாம்.

புளூடூத் சுட்டி

புளூடூத் சுட்டிக்குத் தனி அலைவாங்கி தேவையில்லை; கணினியிலேயே உள்ள புளூடூத் வசதியுடன் அது இணைகிறது. கணினியில் புளூடூத் நிறுத்தப்பட்டிருத்தல், சுட்டி முன்பு இணைந்த வேறொரு கணினியோடு சென்று சேர்ந்திருத்தல் ஆகியன வழக்கமான காரணங்கள். அமைப்புகள் பகுதியில் சுட்டியை நீக்கி, மீண்டும் இணைசேர்ப்பது தீர்வு. நீக்கிய பின் கணினியில் வேறு சுட்டி இருக்காது என்பதால், விசைப்பலகையாலோ தொடுபலகையாலோ அடுத்த படிகளைச் செய்ய முடியும் என்பதை உறுதி செய்துகொண்டே நீக்கவேண்டும்.

அறிகுறிகளும் காரணங்களும்

அம்புக்குறி துள்ளுதல் அல்லது நகராதிருத்தல்

ஒளியியல் உணரிக்குப் பரப்பில் வேறுபாடுகள் தெரியவேண்டும். கண்ணாடி ஒளியை ஊடுருவ விடுகிறது. பளபளப்பான பரப்பு கண்ணாடிபோல் எதிரொளிக்கிறது. இவ்விரண்டிலும் உணரிக்கு அடுத்தடுத்த படங்களை ஒப்பிட ஏதுமில்லாமல் போகிறது. சுட்டியின் கீழே வெள்ளைத் தாள் ஒன்றை வைத்துப் பார்ப்பதே எளிய சோதனை. தாளின்மேல் சுட்டி சரியாக இயங்கினால் பழுது மேசைப்பரப்பில் உள்ளது.

வில்லையின் முன் தலைமுடியோ பஞ்சிழையோ சிக்கினால், சுட்டியை அசைக்காதபோதும் அம்புக்குறி நடுங்கும். கணினியிலிருந்து கழற்றிய பின், உலர்ந்த பஞ்சுக் குச்சியாலோ காற்றூதியாலோ அதை நீக்கலாம். படிந்த அழுக்குக்கு ஐசோபுரோப்பைல் ஆல்ககால் சிறிதளவு தோய்த்த பஞ்சு ஏற்றது.

உருளைப்பந்துச் சுட்டியின் அழுக்கு

உருளைப்பந்துச் சுட்டிகளில் மிகப் பரவலான பழுது அழுக்கே. மேசையின் தூசியைப் பந்து உள்ளே கொண்டுசெல்ல, அது உருளைகளின் நடுவில் வளையம்போல் படியும். ஒரு உருளையில் மட்டும் அழுக்கு மிகுந்தால், அம்புக்குறி கிடைமட்டத்தில் நகர்ந்து செங்குத்தாக நகராமலோ, அதற்கு மறுதலையாகவோ இருக்கும். அடியில் உள்ள வளைய மூடியை அதில் குறித்துள்ள அம்பின் திசையில் திருகி, பந்தை வெளியே எடுத்து, சோப்பு நீரில் கழுவி உலர்த்தவேண்டும். உருளைகளில் படிந்த அழுக்கை விரல் நகத்தாலோ பல்குத்தும் குச்சியாலோ சுரண்டி எடுக்கலாம். கூரிய உலோகம் உருளையைக் கீறிவிடும். சுரண்டிய துகள்கள் உள்ளே விழாதவாறு சுட்டியைக் கவிழ்த்துத் தட்டிய பின்னரே பந்தைத் திரும்ப இடவேண்டும்.

ஒரு சொடுக்கு இரண்டாகப் பதிதல்

ஒருமுறை அழுத்தினாலே கோப்பு திறந்துகொள்வதும், இழுத்துச் செல்லும்போது கோப்பு பாதியில் விழுந்துவிடுவதும் ஒரே பழுதின் இரு வடிவங்கள். மின்விசையின் தொடுமுனைகள் சேரும்போது மிகச் சிறு நேரத்துக்குத் துள்ளிப் பிரிந்து மீண்டும் சேர்கின்றன. புதிய சுட்டியில் இத்துள்ளல் சில மில்லிநொடிகளே நீடிப்பதால் சுட்டியின் சில்லு அதைப் புறக்கணித்துவிடும். தேய்மானத்தாலும் ஆக்சைடு படிவாலும் தகட்டின் விறைப்பு குறைவதாலும் துள்ளல் நீளும்போது, சில்லு அதை இரண்டாவது அழுத்தமாக எடுத்துக்கொள்கிறது.

விண்டோஸ் இயக்குதளம், முன்னிருப்பாக 500 மில்லிநொடிகளுக்குள் வரும் இரு அழுத்தங்களை இரட்டைச் சொடுக்காகக் கொள்கிறது. இவ்வளவைக் குறைத்தால் பழுதின் தொல்லை ஓரளவு குறையலாம். ஆனால் துள்ளல் இக்கால அளவைவிட மிகக் குறுகியது என்பதால் பழுது நீங்காது. மின்விசையை மாற்றிப் பற்றவைப்பதே நிலையான தீர்வு. அதிகம் பயன்படாத நடுப்பொத்தானின் மின்விசை அதே அளவில் இருந்தால் அதை இடப் பொத்தானுக்கு மாற்றுவோரும் உண்டு. உடனடித் தேவைக்கு, இட வலப் பொத்தான்களின் பணியை அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாம்.

உருள் சக்கரம் தாவுதல்

கீழ்நோக்கி உருட்டும்போது பக்கம் இடையிடையே மேலே தாவினால், சக்கரத்தின் உணரியில் அழுக்கு சேர்ந்துள்ளது அல்லது தொடுமுனைகள் தேய்ந்துள்ளன. சக்கரத்தின் இருபக்க இடைவெளியில் காற்றை ஊதி, சக்கரத்தைப் பலமுறை சுழற்றினால் ஓரளவு சரியாகும்.

வடம் உள்ளே அறுதல்

வடத்தை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பிடித்தால் மட்டும் சுட்டி இயங்குவது, உள்ளே கம்பி அறுந்திருப்பதன் அறிகுறி. வடம் சுட்டியினுள் நுழையும் இடத்திலேயே இது பெரும்பாலும் நேர்கிறது. ஒவ்வொரு அசைவிலும் வளையும் இடம் அதுவே. மல்டிமீட்டரின் தொடர்ச்சிச் சோதனையால் எக்கம்பி அறுந்தது எனக் கண்டறிந்து, அப்பகுதியை வெட்டி நீக்கி மீண்டும் பற்றவைக்கலாம். சுட்டியைத் திறக்கும் திருகாணிகள் பல நேரங்களில் அடியில் ஒட்டியுள்ள வழுக்குப் பட்டைகளின் கீழ் மறைந்திருக்கும். திறக்கும் முன் சுட்டியைக் கணினியிலிருந்து கழற்றவேண்டும்.

மென்பொருட் பழுதுகள்

மாற்றிப் பார்க்கும் சோதனையில் சுட்டியும் துளையும் நலமெனத் தெரிந்தால், அடுத்துப் பார்க்கவேண்டியது இயக்கி மென்பொருள். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றின் ஆங்கில இடைமுகத்தில், விண்டோஸ் விசையையும் எக்ஸ் விசையையும் சேர்த்து அழுத்தி, பின் எம் விசையை அழுத்தினால் கருவி மேலாளர் திறக்கும். டேப் விசையாலும் அம்பு விசைகளாலும் பட்டியலில் நகர்ந்து, வலது அம்பு விசையால் சுட்டிகளுக்குரிய கிளையை விரிக்கலாம். மஞ்சள் குறியுடன் காணப்படும் கருவியில் சிக்கல் உள்ளது. அதைத் தேர்ந்து நீக்கி, கணினியை மறுதொடக்கம் செய்தால் இயக்குதளம் இயக்கி மென்பொருளைத் தானாகவே மீண்டும் நிறுவும். பட்டியலில் தவறி விசைப்பலகையையோ யூ.எஸ்.பி. கட்டுப்படுத்தியையோ நீக்கிவிட்டால், கணினியை இயக்க எந்த உள்ளீட்டுக் கருவியும் இல்லாமல் போகலாம் என்பதால், தேர்ந்த பெயரை இருமுறை படித்த பின்னரே நீக்கவேண்டும்.

லினக்ஸ் இயக்குதளத்தில் சுட்டியைச் செருகியவுடன் கருனியின் செய்திக் குறிப்பேட்டில் புதிய வரி ஒன்று தோன்றவேண்டும். எந்த வரியும் தோன்றாவிட்டால் மின் இணைப்பு அல்லது துளை பழுது. வரி தோன்றியும் அம்புக்குறி நகராவிட்டால், குறை வரைகலைச் சூழலில் உள்ளது.

மென்பொருளால் மட்டுமே சுட்டி நிற்கலாம் என்பதற்கு 2025 அக்டோபரில் நேர்ந்தது எடுத்துக்காட்டு. அம்மாதம் 14ஆம் நாள் விண்டோஸ் 11க்கு வெளியான பாதுகாப்பு இற்றைப்படுத்தலுக்குப் பின், கணினியின் மீட்புச் சூழலில் யூ.எஸ்.பி. சுட்டிகளும் விசைப்பலகைகளும் இயங்கவில்லை. வழக்கமான நிலையில் அதே கருவிகள் நன்கு இயங்கின. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அக்டோபர் 20 அன்று தனி இற்றைப்படுத்தல் ஒன்றை வெளியிட்டு இதைச் சரிசெய்தது. இத்தகைய நேரங்களில் புதிய சுட்டி வாங்குவதால் பயனில்லை.

மடிக்கணினியின் தொடுபலகை

தொடுபலகையை நிறுத்தவும் இயக்கவும் பல மடிக்கணினிகளில் தனி விசை உள்ளது. மேல்வரிசை விசைகளில் ஒன்றில் தொடுபலகையின் படம் இருக்கும். எஃப்என் விசையுடன் அதைத் தவறுதலாக அழுத்துவதே தொடுபலகை 'பழுதாவதற்கு' முதன்மையான காரணம். புறச்சுட்டி செருகப்பட்டவுடன் தொடுபலகையை நிறுத்தும் அமைப்பும் உண்டு. ஈரமான அல்லது வியர்த்த விரலும் தொடுபலகையைக் குழப்பும்.

சுட்டி இல்லாமல் அம்புக்குறியை நகர்த்துதல்

மாற்றுச் சுட்டி கிடைக்கும்வரை விண்டோஸில் 'சுட்டி விசைகள்' வசதியைப் பயன்படுத்தலாம். கைகளால் சுட்டியைப் பிடிக்க இயலாதோருக்காக அமைந்த அணுகல் வசதி இது. இட ஆல்ட், இட ஷிப்ட், நம் லாக் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தி, தோன்றும் பெட்டியில் உறுதிசெய்தால் எண் விசைத்தொகுதி சுட்டியாக மாறும். 8, 2, 4, 6 ஆகியன முறையே மேல், கீழ், இடம், வலமாகவும், 7, 9, 1, 3 ஆகியன மூலைவாட்டிலும் அம்புக்குறியை நகர்த்தும். 5 சொடுக்கும். கூட்டல் குறி இரட்டைச் சொடுக்காகும். கழித்தல் குறியை அழுத்திய பின் 5 வலப் பொத்தானாகவும், வகுத்தல் குறியை அழுத்திய பின் மீண்டும் இடப் பொத்தானாகவும் செயற்படும். எண் விசைத்தொகுதி இல்லாத மடிக்கணினிகளில் இவ்வசதியைப் பயன்படுத்துவது கடினம்.

சுருக்க அட்டவணை

• விளக்கு எரியவில்லை, அம்புக்குறி நகரவில்லை: துளை, வடம், மின்கலம்.
• விளக்கு எரிகிறது, அம்புக்குறி நகரவில்லை: பரப்பு, தரவுக் கம்பி, இயக்கி மென்பொருள்.
• அம்புக்குறி ஒரு திசையில் மட்டும் நகர்கிறது: உருளையில் அழுக்கு.
• அம்புக்குறி தானே நடுங்குகிறது: வில்லையில் இழை, பளபளப்பான பரப்பு.
• விட்டுவிட்டு இயங்குகிறது: வடம், தீரும் மின்கலம், அலை இடையூறு.
• ஒரு சொடுக்கு இரண்டாகிறது: தேய்ந்த மின்விசை.
• எந்தச் சுட்டியும் இயங்கவில்லை: கணினியின் துளைகள், இயக்குதளம்.

சீர்செய்தலும் மாற்றுதலும்

அழுக்கு, மின்கலம், பரப்பு, இயக்கி மென்பொருள் ஆகியவற்றால் வரும் பழுதுகள் செலவின்றியோ சிறு செலவிலோ நீங்குவன. வடமும் மின்விசையும் பற்றவைக்கத் தெரிந்தவரால் சரிசெய்யக்கூடியவை. உணரிச் சில்லு பழுதடைந்தால் சுட்டியை மாற்றுவதே சிக்கனம். நீக்கப்படும் சுட்டி மின்னணுக் கழிவு என்பதால் வீட்டுக் குப்பையில் இடாமல் உரிய சேகரிப்பிடத்தில் சேர்க்கவேண்டும். அதன் மின்கலத்தை முன்னரே தனியே எடுத்துவிடவேண்டும். வேலை செய்யாத சுட்டியின் மின்விசைகளும் வடமும் இன்னொன்றைச் சரிசெய்யப் பயன்படும்.

வரலாறு

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தில் டக்ளஸ் எங்கெல்பார்ட் வகுத்த கருத்தின்படி, பில் இங்கிலீஷ் 1964இல் முதல் சுட்டியை உருவாக்கினார். அதன் கூடு மரத்தால் ஆனது. அடியில் செங்குத்தாக அமைந்த இரு சக்கரங்கள் நகர்வை அளந்தன. 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் எங்கெல்பார்ட் அதைப் பொதுமேடையில் இயக்கிக் காட்டினார். 1970இல் அதற்குக் காப்புரிமம் கிடைத்தது. 1973இல் உருவான செராக்ஸ் ஆல்ட்டோ கணினியிலும் சுட்டி இடம்பெற்றது. 1984இல் வெளியான ஆப்பிள் மக்கின்டாஷ் சுட்டியைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தது.

1999இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட இன்டெலிமவுஸ் எக்ஸ்ப்ளோரர், தனிப் பலகை தேவைப்படாமல் பலவகைப் பரப்புகளிலும் இயங்கிய ஒளியியல் சுட்டியாகும். 2004இல் லாஜிடெக் நிறுவனம் சீரொளிச் சுட்டியை வெளியிட்டது. பந்தும் உருளைகளும் மறைந்தபோது, அதுவரை சுட்டியின் முதன்மைப் பழுதாக இருந்த அழுக்கும் பெரிதும் குறைந்தது. அதன் இடத்தை மின்விசையின் தேய்மானமும், கம்பியில்லாச் சுட்டிகளில் மின்கலமும் எடுத்துக்கொண்டன.

இவற்றையும் பார்க்க

• கணினிச் சுட்டி
• விசைப்பலகை
• தொடுபலகை
• யூ.எஸ்.பி.
• இயக்கி மென்பொருள்
• மின்னணுக் கழிவு